ஓலை வாசிக்காத வீடு

ஸ்தாங்கே
22.09.2002

அன்புள்ள கொறற்றிக்கு,

இங்கே நானும் இருபத்திரண்டு மாடுகளும் சுகம். அங்கே நீரும் யதுவும் எப்படி என்று கேட்க இன்றைக்கு எனக்குத் தைரியம் இல்லை. போன ஞாயிறு ஒஸ்லோ ஸ்ரேசனில் நீர் திரும்பியும் பாராமல் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. யது மட்டும் படியில் நின்று எனக்குக் கை காட்டினாள். அந்தப் பிள்ளைக்காவது என்மேல் கோபமில்லை.

தொலைபேசியில் கதைக்கலாம்தான். ஆனால் உங்கள் வீட்டுத் தொலைபேசி அருளானந்தன் அண்ணரின் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூடப்பிறந்த அண்ணர் பக்கத்தில் இருந்தால் நீர் 'ஓம்', 'ம்', 'பிறகு' என்ற மூன்று சொல்லோடு கதையை முடித்துவிடுவீர். என்னுடைய கைத்தொலைபேசிக்கோ இந்தப் பண்ணையில் ஒரு மூலையிலும் சிக்னல் கிடையாது. ஆகவே எழுதுகிறேன்.

நடந்தது என்ன? நான் கலியாணம் செய்வோம் என்றேன். நீர், "நான் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறன். ஆனா ஓலையும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். இந்த நாட்டிலை பாதிச் சனம் சும்மாதானே சேர்ந்து இருக்கினம்" என்றீர். நான் ஸ்ரேசன் என்றும் பாராமல் கத்தினேன். கத்தியது பிழை, மன்னித்துக்கொள்ளும். சொன்னது பிழை இல்லை. தமிழ்ப் பூசையில் மூன்று ஞாயிறு எங்கள் இருவரின் பெயரும் ஓலையில் வாசிக்கப்பட வேண்டும். இந்தக் கலியாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமி கேட்க வேண்டும். கோயில் நிறைந்த சனத்தில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் உம்மை இந்த வீட்டுக்குக் கூட்டி வருவேன். 'கொன்ஸ்ரன்ரைன் ஒரு பெண்ணை வைத்திருக்கிறான்' என்று உம்மைப்பற்றி ஒருவர் கதைக்க நான் விடமாட்டேன்.

ஜனவரியில் பொங்கல் சாப்பாட்டுக்குக் கோயில் மண்டபத்தில் யது என் மடியில் வந்து நித்திரையானாளே, அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மூன்று மணித்தியாலம் கால் விறைத்துப்போய் அசையாமல் இருந்தேன். நீர் வந்து பிள்ளையைத் தூக்கும்போது, "ஏன் எழுப்பேல்லை?" என்று அதட்டினீர். அந்த அதட்டலும் பிடித்துக்கொண்டது.

இப்போது நல்ல செய்தி. நான் சும்மா இருக்கவில்லை. உமது ஊர்ப் பங்குச் சுவாமிக்கு இரண்டு கிழமைக்கு முன்பே எழுதிவிட்டேன். உமது புருஷன் அல்போன்ஸ் இறந்ததற்கு ஒரு பத்திரம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது வந்தால் உமக்கு ஒரு தடையும் இல்லை. சமாதான காலம், தபாலும் ஒழுங்காகப் போகிறது. உமக்குச் சொல்லாமல் செய்து ஆச்சரியப்படுத்த நினைத்தேன். வாயடக்கம் இல்லாததால் இதோ சொல்லிவிட்டேன்.

உமது,
கொன்ஸ்ரன்ரைன்


புருசெத்
29.09.2002

அன்புள்ள கொன்ஸ்ரன்ரைனுக்கு,

யாரைக் கேட்டு எழுதினீர்கள்?

உங்கள் கடிதத்தை நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில், உருளைக்கிழங்கு அவியும் நேரத்தில் வாசித்தேன். அடுப்பை அணைக்கவும் மறந்துபோனேன். அறுபது கிழங்கும் களியாய்ப் போனது. உங்கள் ஆச்சரியம் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

உங்களுக்கு அல்போன்ஸ் ஒரு பத்திரம். கிடைத்தால் தடை நீங்கும். எனக்கு அவர் அப்படி இல்லை. 1996 செப்டெம்பர், பதினேழாம் தேதி. தோட்டத்துத் தண்ணீர்ப் பம்புக்கு வாசர் தேய்ந்துவிட்டது. "சந்திக்குப் போய் வாங்கிக்கொண்டு வாறன், உலையை வை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனார். நான் அப்போது ஐந்து மாதம். சந்தியில் ஆமிக்காரர் மறித்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. எத்தனை முகாமுக்கு நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. உங்களோடு இருக்கிற நேரத்தில் அது ஞாபகம் வராது. அதற்காகவே உங்களைத் தேடினேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பங்கில், கோயிலுக்கு நாலு வளவு தள்ளி, அல்போன்ஸின் அம்மா இருக்கிறா. மாமிக்கு அவர் ஒரே பிள்ளை. உங்கள் கடிதம் சுவாமியின் மேசையோடு நிற்கும் என்றா நினைக்கிறீர்கள்?

எழுதியதை இனித் திருப்பி எடுக்க முடியாது. கோபம் இருக்கிறது, ஆனால் கதைக்காமல் விடுகிற அளவுக்கு இல்லை. யது பாலர் பள்ளியில் எல்லாரிடமும், "என்ரை மாமாவிட்டை இருபத்திரண்டு மாடு இருக்கு" என்று சொல்லித் திரிகிறாளாம். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, அது உண்மையா, கற்பனையா என்று விசாரித்தா. உண்மை என்றேன். அதைச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கொறற்றி


ஸ்தாங்கே
10.11.2002

அன்புள்ள கொறற்றிக்கு,

ஊரிலிருந்து பதில் வந்துவிட்டது. முதலில் கெட்டதைச் சொல்கிறேன். நீர் சொன்னதுதான் நடந்தது. சுவாமி என் கடிதத்தை மேசையில் வைக்கவில்லை. ஞாயிறு பூசை முடிவில், அல்போன்ஸ் இறந்ததைப் பற்றி அறிந்தவர்கள் கோயிலுக்குப் பக்கத்தில் தான் இருக்கிற அறைவீட்டுக்கு வந்து சொல்லும்படி அறிவித்துவிட்டார். வழக்கம் அதுதானாம். நான் அதை யோசிக்கவில்லை.

யாரும் வந்து சொல்லவில்லை. உடலும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆனால் பெற்ற தாய், 'என் மகன் இறந்துவிட்டான் என்று நம்புகிறேன்' என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்தால் அதை ஆயரிடம் அனுப்பிப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். ஒரேயொரு கையெழுத்து. நீர் மாமிக்கு நயமாக ஒரு கடிதம் போடும். உம்மை மகள்போல வைத்திருந்தவ என்று நீரே சொல்லியிருக்கிறீர். மாட்டேன் என்று சொல்வாவா?

இப்போது நல்லது. முதலாளி ஓட்வாருக்கு முழங்கால் முடியவில்லை. நேற்று பால் கறந்து முடிந்ததும் அவரும் மனைவி கிரேத்தாவும் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு இருத்தினார்கள். பிள்ளைகள் ஒருவருக்கும் பண்ணை வேண்டாமாம். மே மாதத்திலிருந்து மாடுகளையும் பெரிய வீட்டையும் என் பொறுப்பில் விட யோசிக்கிறார்கள். ஒரு நிபந்தனை: தனி ஆளாக இருக்கக் கூடாது. "ஒருத்தனால் இந்தக் கொட்டிலைப் பார்க்க முடியாது, ஒருத்தனால் இந்த வீட்டைச் சூடாக்கவும் முடியாது" என்றார் ஓட்வார். கிரேத்தா உடனே, "அந்தச் சின்னப்பெட்டைக்கு மேல் அறை, ஜன்னலால் கன்றுகளைப் பார்க்கலாம்" என்றா. உயிர்த்த ஞாயிறுக்கு முன் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மாடுகளை விற்றுவிடுவார்கள்.

பதின்மூன்று வருடத்துக்கு முதல் மாணவனாக வந்து, வடக்கில் மீன் தொழிற்சாலையில் விரல் மரத்துப்போய், கடைசியில் இந்தக் கொட்டிலில் வந்து சேர்ந்தவன் நான். என்னை நம்பி ஒரு வீட்டைத் தருகிறார்கள், கொறற்றி. அந்த வீட்டுக்கு ஆள் வேண்டும்.

உமது,
கொன்ஸ்ரன்ரைன்


புருசெத்
08.12.2002

அன்புள்ள கொன்ஸ்ரன்ரைனுக்கு,

மாமிக்கு எழுதினேன். பதில் வந்தது. அதில் ஒரு பகுதியை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் வாசிக்க வேண்டும்.

'பிள்ளை, கோயிலிலை சுவாமி அறிவிச்சதும் நான் எழும்பி வீட்டை வந்திட்டன். எனக்குப் பின்னாலை சனம் வந்திட்டுது. செத்தவீட்டுக்கு வாறமாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் கதிரை கொண்டுவந்து முத்தத்திலை போட்டினம். ஒருத்தி தேத்தண்ணி ஊத்தினாள். நான் ஒரு கதிரையையும் விடாமல் தூக்கிப் படலைக்கு வெளியிலை வைச்சன். நான் அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறது உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை கணக்கிலை. மரித்தோர் திருநாளுக்கும் சேமக்காலைக் கல்லறையள் பக்கம் போறேல்லை. நீ இளம்பிள்ளை. நீ கலியாணம் செய். நான் உன்னைக் குறை சொல்லமாட்டன். ஆனா நான் கையெழுத்து வைக்கமாட்டன். நாளைக்கு அவன் வந்து நிண்டு, அம்மா நீங்களுமோ எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?'

இவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கடைசியில் யதுவுக்கு முத்தம் என்று எழுதியிருந்தா.

அந்தக் கதிரைகளை அங்கே கொண்டுபோய்ப் போட்டது நாங்கள். நீங்கள் எழுதினீர்கள், நான் தடுக்கவில்லை.

கேளுங்கள். நத்தார்ப் பண்டிகைக்கு நான் யதுவைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறேன். திரும்பிப் போகும் எண்ணத்தில் அல்ல. அண்ணாவுக்குச் சொல்லவேண்டியதை நான் சொல்லிக்கொள்வேன். இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு வீட்டில் சேர்ந்து இருப்பதற்கு ஒரு தாளும் தேவையில்லை. ஓட்வாரின் மகளே அப்படித்தான் இருக்கிறா என்று நீங்கள்தான் சொன்னீர்கள். யாருடைய கையெழுத்தும் வேண்டாம். யாருடைய வாயிலும் அல்போன்ஸை வைத்து அவர் இருக்கிறார், இல்லை என்று சொல்லவைக்க வேண்டாம். கதவைத் திறந்து விடுங்கள், போதும்.

கொறற்றி


ஸ்தாங்கே
29.12.2002

கொறற்றி,

நீர் வந்தீர். மூன்றாம் நாள் போய்விட்டீர். கிரேத்தா மேல் அறைக் கட்டிலில் விரித்த சின்னப் போர்வையை இன்னும் மடிக்கவில்லை. நான் ஏன் என்று கேட்கவும் இல்லை.

உம்மிடம் நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன். என்னுடைய அம்மாவுக்கு ஓலை வாசிக்கப்படவில்லை. அப்பாவுக்கு வேறு ஊரில் ஒரு குடும்பம் இருந்தது. என் ஞானஸ்நானப் புத்தகத்தில் தகப்பன் பெயர் எழுதுகிற இடம் வெறுமை. ஞானோபதேச வகுப்பில் பெயர் கூப்பிடுகிற ஒவ்வொரு வருடமும் புது உபதேசியார் அந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்ப்பார். அம்மா சாகும்வரை கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் இருந்தா. நற்கருணை வாங்கப் போனதில்லை. உம்மை அந்தத் தூணுக்குப் பின்னால் இருத்த என்னால் முடியாது. அதனால்தான் நத்தார் இரவு, "இப்படியே இருக்க ஏலாது, ஓலை வாசிச்ச பிறகு வாரும்" என்று சொன்னேன். மூட்டை முடிச்சோடு வந்த ஒரு பெண்ணிடம் அதைச் சொன்ன நான் மடையன்தான். ஆனாலும் சொன்னேன்.

நீரும் ஒன்று செய்தீர். யது கொட்டிலில் நின்று, "அப்பா, இந்தக் கண்டுக்கு என்ன பெயர்?" என்று கேட்டாள். நான் திரும்புவதற்குள் நீர், "மாமா எண்டு சொல்லு" என்றீர். ஓட்வாருக்கே விளங்கிவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார்.

விடும். வேறு வழி கிடைத்திருக்கிறது. ஒஸ்லோவில் நம்முடைய சுவாமியோடு கதைத்தேன். தாய் கையெழுத்து வைக்காவிட்டாலும், மனைவி நற்செய்திப் புத்தகத்தில் கை வைத்து, புருஷன் இறந்துவிட்டான் என்று மனச்சாட்சிப்படி நம்புவதாகச் சொன்னால், ஊர்க்காரர் இருவர் அதற்கு ஒத்துச் சொன்னால், ஆயரிடம் அனுப்பலாமாம். அருளானந்தன் அண்ணர் ஒரு சாட்சி. உங்கள் ஊர் மரியரஞ்சனி அக்கா மற்றது. பெப்ரவரி முதலாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணி. நான் வரக்கூடாதாம், சம்பந்தப்பட்டவன் என்பதால். பத்து நிமிட வேலை, கொறற்றி. அதற்குப் பிறகு யது என்னை எப்படிக் கூப்பிட்டாலும் நீர் திருத்த வேண்டியதில்லை.

கொன்ஸ்ரன்ரைன்


புருசெத்
09.02.2003

அன்புள்ள கொன்ஸ்ரன்ரைனுக்கு,

ஒரு கிழமையாக உங்களுக்கு எழுதத் தொடங்கி விட்டுவிட்டேன். அண்ணா உங்களுக்குச் சொல்லியிருப்பார். அவருக்கு என்னில் சரியான கோபம். இருந்தாலும் என் வாயால் கேளுங்கள்.

போனேன். நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன், நல்ல காரியத்துக்குப் போகிற மாதிரி. அண்ணாவிடம் சுவாமி கேட்டார். அண்ணா பட்டென்று, "ஓம் சுவாமி, செத்திட்டார், அதிலை என்ன சந்தேகம்" என்றார். மரியரஞ்சனி அக்கா கொஞ்சம் அழுதுவிட்டு ஓம் என்றா. பிறகு என் கையை எடுத்துப் புத்தகத்தில் வைத்தார்கள். "மரியகொறற்றி, உம்முடைய கணவர் அல்போன்ஸ் இறந்துவிட்டார் என்று உம்முடைய மனச்சாட்சியில் நம்புகிறீரா?"

ஓம் என்று சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், உங்களுக்கு ஓம் என்று சொல்வதாகவே நினைத்துக்கொண்டு போனேன். வாய் திறந்தது. "தெரியாது சுவாமி" என்று வந்தது.

அவர் நல்ல மனுஷன். இன்னொரு முறை கேட்டார். தண்ணீர் தந்து மூன்றாம் முறையும் கேட்டார். மூன்று முறையும் அதே சொல்தான். பிறகு கோவையை மூடிவிட்டு, "பொய்ச் சத்தியம் பண்ணாததுக்கு நன்றி" என்றார். அந்த நன்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இந்த ஆறு வருடத்தில் இதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை, கொன்ஸ்ரன்ரைன். நான் இங்கே தஞ்சம் கேட்டு வந்தபோது நிரப்பிய படிவத்தில் கலியாணமானவர், விதவை என்ற கட்டங்களோடு, 'காணாமற்போனவர்' என்று எழுத ஒரு கோடும் விட்டிருந்தார்கள். அந்தக் கோட்டில் நான் இருந்தேன். அதில் இருந்துகொண்டே வேலைக்குப் போனேன், யதுவை வளர்த்தேன், உங்களை விரும்பினேன். ஒன்றும் ஒன்றை இடிக்கவில்லை. உங்கள் கோயிலில் அந்தக் கோடு இல்லை. இருக்கிறாரா, இல்லையா. சொல்லு.

சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சேலையை மாற்றும்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது.

கொறற்றி


ஸ்தாங்கே
09.03.2003

என் கொறற்றிக்கு,

மூன்று முறை புருசெத் வந்தேன். இரண்டு முறை அண்ணர் கதவைத் திறந்து, நீர் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். உமது சப்பாத்து வாசலில் கிடந்தது. மூன்றாம் முறை மணி அடிக்காமலே திரும்பினேன்.

ஓலை வேண்டாம். கேட்டீரா? வேண்டாம். கோயில் வேண்டாம், ஆயர் வேண்டாம், மூன்று ஞாயிறு வேண்டாம். சனம் என்ன கதைத்தாலும் கதைக்கட்டும். நானும் தூணுக்குப் பின்னால் வந்து உமக்குப் பக்கத்தில் இருக்கிறேன். நீர் நத்தாருக்குக் கேட்டதைத்தான் நான் இப்போது கேட்கிறேன். யதுவைக் கூட்டிக்கொண்டு வாரும். அவள் மாமா என்றே கூப்பிடட்டும். இந்த வீட்டில் ஒரு நாளைக்கும் அல்போன்ஸ் இறந்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஒருநாள் அவர் வந்து படலையில் நின்றால் நானே கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு, இருத்தி, தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, கொட்டில் பக்கம் போய்விடுவேன். எழுதித் தரவா?

எனக்கு வீறாப்பு. என் அம்மாவுக்குக் கிடைக்காததை உம்மைக் கொண்டு வாங்கப் பார்த்தேன். அது உமக்காக என்று நானே நம்பியும் விட்டேன்.

ஓட்வாருக்கு ஏப்ரல் நடுவுக்கு முன் பதில் சொல்ல வேண்டும். பண்ணையைப் பற்றி நான் கவலைப்படவில்லை. பொய். கவலைப்படுகிறேன். ஆனால் பண்ணை இல்லாவிட்டாலும், புருசெத்துக்குப் பக்கத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு அறை எடுத்தென்றாலும் உங்களோடு இருப்பேன். ஒரு வரி போதும்.

கொன்ஸ்ரன்ரைன்


புருசெத்
06.04.2003

அன்புள்ள கொன்ஸ்ரன்ரைனுக்கு,

சப்பாத்தைக் கண்டீர்கள் என்று தெரியும். அறைக்குள்தான் இருந்தேன். உங்கள் குரல் கேட்டது.

இதே கடிதத்தைச் செப்டெம்பரில் எழுதியிருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன். நத்தாரில் இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அந்தப் போர்வையை மடிக்கவேண்டி வந்திருக்காது. நான் குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை. அப்போது எனக்கு என் மனம் தெரியாது, அதனால் வர முடிந்தது. நீங்கள் கேட்கவைத்தீர்கள். கேட்ட கேள்விக்கு என் வாயே பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலோடு உங்கள் வீட்டில் வந்து படுக்க என்னால் முடியாது. முன்பு நான் தாள் இல்லாத விதவை. இப்போது ஒருத்தருடைய பெண்சாதி. உங்களுக்கு இது பைத்தியமாகத் தெரியும். அண்ணாவுக்கும் அப்படித்தான் தெரிகிறது. அல்போன்ஸ் வரமாட்டார் என்று அண்ணா மேசையில் அடித்துச் சொல்கிறார். வரமாட்டார் என்பது எனக்கும் தெரியும். அது தெரிந்தும் ஓம் என்று சொல்ல வரவில்லையே, அதற்கு நான் என்ன செய்ய?

உங்களை விருப்பமில்லை என்று எழுதினால் உங்களுக்குச் சுகமாக இருக்கும். அந்தப் பொய்யும் எனக்கு வராது. விருப்பம்தான். அது ஒன்றுக்கும் உதவாது.

ஓட்வாரிடம் இல்லை என்று சொல்லுங்கள். கிரேத்தாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். நீங்கள் வேறு யாரையாவது கலியாணம் செய்யுங்கள் என்று எழுத உட்கார்ந்தேன், அதை என்னால் எழுத முடியவில்லை. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இனி எழுதவேண்டாம். எழுதினால் வாசிப்பேன், வாசித்தால் ஒரு நாள் வந்துவிடுவேன், வந்தால் அங்கே மூன்று பேருடைய வாழ்க்கையையும் பாழாக்குவேன்.

யதுவுக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் இவ்வளவு நாளும் கடத்தினேன். நேற்றுச் சொன்னேன். இனி அங்கே போகமாட்டோம், மாமாவும் வரமாட்டார் என்றேன். அவள் அழவில்லை. "மாமா செத்துப்போட்டாரோ?" என்று கேட்டாள்.

"இல்லையடி, உயிரோடை இருக்கிறார்" என்றேன்.

"அப்ப வருவார்தானே. செத்தாத்தானே ஆக்கள் வராமல் விடுறவை?"

அவள் பதில் வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள். பிறகு பல் தீட்டப் போய்விட்டாள்.

மரியகொறற்றி அல்போன்ஸ்